தடா போச்சு, வாக்குமூலம் நின்னுச்சு: ராஜீவ் வழக்குத் தீர்ப்பைப் பற்றி ஒரு குறிப்பு

நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் நின்றால் மேற்கே ஸ்ரீபெரும்புதூர், கிழக்கே பூந்தமல்லி. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது அங்கே. வழக்கை விசாரித்த தடா சிறப்பு நீதிமன்றம் இங்கே. ஆனா இந்த வழக்கைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் சிவராசனைத் துரத்தின கதையோட நிறுத்திக்கிறாங்க. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கோர்ட்டில் நடந்தது.

1998 ஜனவரி 28ல் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடா வழக்கு என்பதால் அப்பீல் உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999 மே 11ல் அங்கே 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள். மற்ற 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டு வெளியே வந்தார்கள். கீழ்க் கோர்ட்டின் தவறைத் திருத்திய தீர்ப்பு என்று பலரும் இதைப் பாராட்டுவதுண்டு. அந்த 19 பேரைப் பொறுத்தவரை அது நியாயமான பாராட்டுதான்.

சிக்கல் மற்ற 7 பேர் விஷயத்தில். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாதாரண வழக்கில் செல்லாது. எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது தடா 15ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமோ, இந்தக் கொலை தடா சொல்லும் பயங்கரவாதக் குற்றம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அப்போ வாக்குமூலமும் போகணும்தானே? போகலை. வழக்கு தடாவின் கீழ் நடந்ததால், மற்ற குற்றங்களுக்கும் அது சாட்சியம்தான் என்றார்கள். 12ஆவது பிரிவை வைத்துப் பார்த்தால் சட்ட எழுத்துப்படி இந்த வாதத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் நடைமுறையில் இதன் பொருள் என்ன? போலீஸ் தடாவைப் போட்டு வழக்கைத் தொடங்கினாலே போதும். குற்றம் தடாவுக்குள் வராவிட்டாலும் அதன் பலன் அரசுத் தரப்புக்கே.

இதற்கு என்ன விலை என்பதைப் பேரறிவாளன் விஷயத்தில் பார்க்கலாம். 19 வயதில் கைதானவர். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுக்குப் பிறகு 2013ல் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார்: பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. சதியில் பங்கு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற வரியே அதுதான்! போலீஸ் எழுதும் வாக்குமூலத்தைச் சாட்சியச் சட்டம் ஏன் நம்பவில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

2022 மே 18ல் பேரறிவாளனும், நவம்பர் 11ல் மீதி 6 பேரும் விடுதலையானார்கள். பலர் அதோடு வழக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த உத்தரவுகள் தண்டனையைத்தான் முடித்தன. குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கிறது. எழுதாமல் விட்ட அந்த வரியும் தீர்ப்புக்கு வெளியேதான் இருக்கிறது.