பகடையும் வேதாளமும்

'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்விலைட்' என்ற 1984-ஆம் வருஷத்து அமெரிக்க நாவலைக் கூனிமேட்டில் இருந்தபோது படித்தேன். மார்கரெட் வைஸும் டிரேஸி ஹிக்மனும் எழுதியது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, பகடை உருட்டும் ஆட்டத்திலிருந்து பிறந்த கதை. கதவு திறந்தால் பூதம். பூதம் விழுந்தால் இன்னொரு கதவு. இங்கே உப்பளத்தில் மழை பெய்தால் உப்புக் கரையும், அது சம்பவம். உப்பளக்காரர் பிறகு என்ன செய்கிறார் என்பதல்லவா கதை?

நம் விக்கிரமாதித்தனுக்கும் ஆட்ட விதி உண்டு. பேசினால் வேதாளம் மரமேறிவிடும். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். அவனைச் சிக்கவைப்பது பகடையல்ல, அவன் அறிவே. இந்நாவலில் அப்படி ஒருவன்தான், ரெய்ஸ்ட்லின். மந்திர சக்திக்கு உடல்நலத்தை விலையாகக் கொடுத்தவன். யாரைப் பார்த்தாலும் அவர் மூத்து அழிவதையே காண்கிறவன். அவன் இருமும் பக்கங்களில் மட்டும் நான் பகடையை மறந்தேன்.