கூடி வழிபடலும் கூடி வாழ்தலும்

இனவொற்றுமை பற்றி எழுதுவோர் பலர் புத்தளக் கரையோரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வர். முன்னேசுவரத்தில் சிங்கள பௌத்தர் நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தில் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே மண்டியிடுகின்றனர். இவை மறுக்கவியலா உண்மைகள். எனினும் திருவிழா முடிந்ததும் அவரவர் மொழிப் பாடசாலைக்கே அவரவர் பிள்ளைகள் மீள்கின்றனர். சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையே தமிழ் வழங்கிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பள்ளிமொழி மாறியமையாற் சில தலைமுறைகளுள் சிங்களவராயின. அதுவும் ஒருவகை ஒற்றுமை போலும்!

இத்தகைய எழுத்துக்கள் தொடத் தயங்கும் பகுதி 1990 ஒக்டோபரில் தொடங்குகிறது. விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். ஊரார் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர், உணவளித்தனர். வந்தோரும் இருந்தோரும் ஒரே மார்க்கத்தினர், தமிழ் பேசுவோர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லக் காணிக்கும் குடிநீருக்கும் கூலிவேலைக்கும் வகுப்பறைக்கும் போட்டி எழுந்தது; ‘அகதி’ என்பது வந்தோரின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. சமயமும் மொழியும் ஒன்றாயிருந்தும் கிணறு போதவில்லை.

ஆதலின் வழிபாட்டை மட்டும் சான்றாகக் காட்டும் கட்டுரை, தனக்கு வாய்ப்பான சான்றையே தெரிந்தெடுக்கிறது. காணியுறுதியும் வாக்காளர் இடாப்பும் அதன் கண்ணிற் படுவதில்லை. 2009இல் போர் முடிந்தபின் மன்னாருக்கு மீண்டோர் பலர் தம் காணிகளிற் காடு மண்டியிருக்கக் கண்டனர். புத்தளத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர்க்கோ மன்னார் பெற்றோரின் ஊராகவே இருந்தது.