பொருளாளரைப் பார்க்கப் போன ஆட்டக்காரர்

2020 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘தி இங்கிலிஷ் கேம்’ தொடரை ஊரடங்கின் ஆரம்பத்திலேயே பார்த்து முடித்துவிட்டேன். ஆறு பகுதிகள்தான். ஜூலியன் ஃபெல்லோஸ் பெயர் இருந்தால் உடைகளுக்கும் மாளிகைகளுக்கும் குறைவிருக்காது. அப்போது பிடித்திருந்தது. சமீபத்தில் அதன் நாயகன் ஃபெர்கஸ் சூட்டரின் நிஜ வாழ்க்கையைப் பற்றிப் படித்துவிட்டு மறுபடி பார்த்தேன். இந்தமுறை எரிச்சல்தான் வந்தது. வரலாற்றை வளைத்திருக்கிறார்கள் என்பதற்காக இல்லை, அதை எல்லாரும்தான் செய்கிறார்கள். எந்தப் பக்கமாக வளைத்தார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

சூட்டர் 1857-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். தொழிலால் கொத்தனார், கல் செதுக்குபவர். பார்ட்டிக் என்ற அணிக்காக ஆடினார். 1878-ல் லங்காஷயரில் பஞ்சாலைகள் நிறைந்த டார்வென் ஊருக்கு வந்து அங்கிருந்த அணியில் சேர்ந்தார். கொஞ்ச நாளிலேயே கல் வேலையை விட்டுவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம், இங்கிலாந்துக் கல் ரொம்பக் கடினமாக இருக்கிறது, கை வீங்கிவிடுகிறது என்பது. ராஜினாமாக் கடிதங்களில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிப் பழகிய எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. வேலை இல்லை, ஆனால் சாப்பிடுகிறார், சனிக்கிழமை ஆடுகிறார். எப்படி என்று ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஏனென்றால் ஆட்டத்துக்குக் காசு வாங்குவதைக் கால்பந்துச் சங்கம் ஏற்கவில்லை.

1879-ல் டார்வென் எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதி வரை போனது. எதிரணி ஓல்டு எட்டோனியன்ஸ், அதாவது ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். 5-1 என்று பின்தங்கியிருந்த டார்வென், ஆட்டத்தை 5-5 என்று சமன் செய்தது. கூடுதல் நேரம் ஆடலாமா என்று கேட்டார்கள், எட்டோனியன்ஸ் மறுத்துவிட்டது. மறுபடி லண்டன் வரவேண்டும். ஊரில் வசூல் செய்து வந்தார்கள், 2-2. மூன்றாம் முறையும் வந்தார்கள், 6-2 என்று தோற்றார்கள். மூன்று ஆட்டமும் லண்டனில்தான். ஒரு பக்கத்துக்கு வண்டிச் சத்தமும் போகும் கூலியும், இன்னொரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது. இதில் இருவரும் ‘காசுக்காக ஆடாதவர்கள்’ என்ற ஒரே விதிக்குள் வருகிறார்களாம்!

1880-ல் சூட்டர் பக்கத்து ஊரான பிளாக்பர்னின் ரோவர்ஸ் அணிக்கு மாறினார். டார்வென்காரர்கள் கொதித்தார்கள். தொடர் இந்த இடத்தில்தான் பயந்துவிடுகிறது. நாயகன் வெறுமனே நல்ல சம்பளத்துக்காக அணி மாறினால் ரசிகன் கோபித்துக்கொள்வானோ என்று, கிளாஸ்கோவில் ஒரு குடிகார அப்பா, அடி வாங்கும் அம்மா, காப்பாற்றவேண்டிய சகோதரிகள் என்று காரணங்களை அடுக்குகிறது. தங்கச்சி கல்யாணத்துக்காகத் திருடும் நாயகர்களை நிறையப் பார்த்திருக்கிறோம், எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. நன்றாக ஆடுபவன் தன் ஆட்டத்துக்கு விலை கேட்டான் என்பது மட்டும் போதாதா? அதற்குப் பின்னால் ஒரு கண்ணீர் இருந்தே தீரவேண்டுமா?

வளைத்த இன்னொரு இடம் முடிவு. 1882 இறுதியாட்டத்தில் சூட்டர் ஆடிய ரோவர்ஸ் எட்டோனியன்ஸிடம் 1-0 என்று தோற்றது. வெற்றிக் களிப்பில் கின்னேர்ட் பிரபு அரங்கத்தின் முன்னால் தலைகீழாக நின்றாராம். 1883-ல் எட்டோனியன்ஸைத் தோற்கடித்தது அதே ஊரின் வேறொரு அணி, பிளாக்பர்ன் ஒலிம்பிக். அதில் நெசவாளர்கள் இருந்தார்கள், சூட்டர் இல்லை. தொடர் இரண்டு அணிகளையும் ஒன்றாகக் குழைத்து அந்தக் கோப்பையைச் சூட்டர் கையில் கொடுக்கிறது. அதற்கு முன் சங்கத்தின் கூட்டத்தில் கின்னேர்ட் மனம் மாறிப் பேசி வழிவிடவும் செய்கிறார். ஆக, பிரபுவின் பெருந்தன்மையால் தொழிலாளி ஜெயிக்கிறான். நிஜத்தில் சூட்டர் 1884, 85, 86 என்று தொடர்ந்து மூன்று கோப்பைகள் வென்றார். ஏழை ஒருமுறை ஜெயித்தால் கண் கலங்கலாம், வரிசையாக மூன்றுமுறை ஜெயித்தால் அவனை என்ன செய்வது என்று தொடருக்குத் தெரியவில்லை.

கூடவே ஆடிய ஜிம்மி லவ் தொடரில் காலை உடைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறார். நிஜமான லவ் கடற்படைக் காலாட்படையில் சேர்ந்து, 1882-ல் எகிப்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அவரை ஏன் விட்டார்கள் என்று இன்னமும் புரியவில்லை.

1902-ல் ஒரு செய்தித்தாளுக்குச் சூட்டர் பேட்டி கொடுத்திருக்கிறார். நிலையான சம்பளம் என்று எதுவும் கிடையாது, தேவைப்படும்போது பொருளாளரைப் போய்ப் பார்ப்போம், மூன்று வாரம் ஒன்றும் வாங்காமல் இருந்துவிட்டு பத்து பவுண்ட் கேட்போம், கொடுத்துவிடுவார்கள் என்கிறார். அந்த ஆறு பகுதிகளிலும் இதற்கு இணையான காட்சி இல்லை. கதவைத் தட்டும் ஒருவர், கணக்கில் எழுதமுடியாத பணத்தை எண்ணும் இன்னொருவர். 1885 ஜூலையில் சங்கம் தொழில்முறை ஆட்டத்தை அனுமதித்தபோது செய்தது, அந்தக் கதவைத் திறந்து வைத்ததுதான். 1888-ல் பன்னிரண்டு அணிகளோடு லீக் தொடங்கியபோது சூட்டருக்கு வயதாகிவிட்டது. ஒரே ஒரு லீக் ஆட்டம், அதுவும் வழக்கமான கோல்கீப்பருக்குப் பதிலாக. பிறகு விடுதி நடத்தினார். 1916-ல் பிளாக்பூலில் இறந்தார்.

எனக்கு இதெல்லாம் ஏன் உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஓர் அச்சிதழ் என் கட்டுரைக்குச் சன்மானம் அனுப்ப வங்கிக் கணக்கு எண் கேட்டது. “வேண்டாம் சார், இருக்கட்டும்” என்றேன். மாசம் முதல் தேதி சம்பளம் வருகிற திமிர். இரண்டு நாள் என்னைப் பற்றி எனக்கே உயர்வாக இருந்தது. மொழிபெயர்ப்பை நம்பி வாழும் தோழி ஒருத்தி பிறகு சொன்னாள், அதே இதழில் அவள் பணம் கேட்டபோது, “இன்னாரே வாங்கலையே மேடம்” என்றார்களாம். இன்னார் நான்தான்.

மன்னிப்புக் கேட்டேன். சூட்டரின் கதையையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “பத்து பவுண்டெல்லாம் வேணாம். அந்தப் பொருளாளர் எந்த நேரத்துல இருப்பாருன்னு மட்டும் சொல்லு” என்றாள்.