விளையாடாத ஆண்டின் பாக்கி

2024ஆம் ஆண்டு மயாமி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய கேம் மெக்கார்மிக்குக் கல்லூரி விளையாட்டில் அது ஒன்பதாவது ஆண்டு. 2016இல் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அவர் வயதில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் வீரர்கள் இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன் என்பதுதான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பொதுவிதி. மெக்கார்மிக் அடுத்தடுத்துக் காயம்பட்டவர். அதற்கான விலக்குகள் கிடைத்தன, கூடவே கோவிட்டுக்காக எல்லாருக்கும் கொடுத்த ஓராண்டும் கிடைத்தது. காயத்துக்குக் கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோவிட்டுக்குக் கொடுத்தார்களே, அந்த ஓராண்டின் கணக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கஜானா 'மார்ச் மேட்னஸ்' என்ற கூடைப்பந்துப் போட்டித் தொடர். தொலைக்காட்சி உரிமைப் பணம்தான் அதில் பெரும்பகுதி. 1939இல் தொடங்கிய ஆண்கள் தொடர் உலகப் போர்க் காலத்தில்கூட நின்றதில்லை. கோவிட்டால் 2020 மார்ச் 12 அன்று ஆண்கள், பெண்கள் தொடர்கள் இரண்டையும் ரத்து செய்தார்கள். முதல்நிலைக் கல்லூரிகளுக்கு அந்த ஆண்டு சுமார் 60 கோடி டாலர் பகிர்ந்து தருவதாக இருந்தது. கைக்கு வந்தது 22.5 கோடி.

அந்த மாதக் கடைசியிலேயே வசந்தகால விளையாட்டு வீரர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு வந்தது. ஆகஸ்டில் இலையுதிர்கால வீரர்களுக்கும், அக்டோபரில் குளிர்கால வீரர்களுக்கும் அதே சலுகை. கடைசி ஆண்டைப் பறிகொடுத்தவர்களுக்கு இது நியாயம் என்று பத்திரிகைகள் பாராட்டின. ஆனால் என்.சி.ஏ.ஏ. கொடுத்தது ஆண்டை மட்டும்தான். பணத்தைக் கல்லூரிகளே தேடிக்கொள்ள வேண்டும். இடமும் கூடவில்லை. பெரிய கால்பந்து அணிக்கு 85 உதவித்தொகை, ஆண்கள் கூடைப்பந்துக்கு 13 என்பதே அன்றைய வரம்பு. தங்கிவிட்ட இறுதியாண்டு மாணவர்களை அந்த வரம்பில் சேர்க்க வேண்டாம் என்றார்கள், அதுவும் ஒரே ஓர் ஆண்டுக்கு. நீட்டிப்போ 2020இல் முதலாண்டு படித்தவருக்கும் உண்டு. ஆக, வரம்பு பழையபடி திரும்பிய பிறகும் வெளியே போகவேண்டியவர்கள் உள்ளேயே இருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் 2021இல் பள்ளி முடித்த பிள்ளைகள்.

அவர்களுடைய நிலைமை புரிய வேண்டுமானால் அங்கே ஆள் எடுக்கும் முறை தெரிய வேண்டும். நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா சான்றிதழை வைத்து நடப்பது: மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மதிப்பெண் போட்டுத் தரவரிசை. அங்கே பயிற்சியாளர் நேரில் வந்து பார்க்கிறார். பள்ளி மைதானத்துக்கு வருவார், வீட்டுக்கு வந்து பெற்றோரிடம் பேசுவார், கோடை முகாமில் ஓடவிட்டுப் பார்ப்பார். 2020 மார்ச் நடுவில் இவை அத்தனைக்கும் தடை விழுந்தது. முதலில் சில வாரங்கள் என்றார்கள். நீட்டி நீட்டி 2021 மே 31 வரை கொண்டுபோனார்கள். பதினான்கு மாதங்களுக்கு மேல் எந்தப் பயிற்சியாளரும் எந்த மாணவரையும் நேரில் பார்த்துப் பேச முடியாது. எல்லாம் வீடியோ, எல்லாம் ஜூம்.

பேர் வாங்கிவிட்ட நட்சத்திரங்களுக்கு இதனால் ஒன்றும் குறையவில்லை. பத்தாம் வகுப்பிலேயே அவர்கள் பெயர் எல்லாப் பட்டியலிலும் ஏறியிருக்கும். அடி வாங்கியது தாமதமாக வளர்கிற பையன்: பதினோராம் வகுப்பில் நான்கு அங்குலம் உயர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு சீசனில் கண்ணில் படவேண்டியவன். கலிபோர்னியாவில் 2020 இலையுதிர்காலத்தில் பள்ளிக் கால்பந்தே நடக்கவில்லை. எடுத்து அனுப்ப அவனிடம் வீடியோவும் கிடையாது.

பயிற்சியாளரைக் குறை சொல்லவும் முடியாது. ஜூமில் பார்த்த பதினேழு வயதுப் பையன் ஒருபக்கம், கல்லூரிக் களத்தில் ஐந்தாண்டு தேறிய இருபத்திரண்டு வயது 'சூப்பர் சீனியர்' மறுபக்கம். தோற்றால் வேலை போகும் மனிதர் யாரை எடுப்பார்? போதாததற்கு 2021 ஏப்ரலில் ஒரு முறை கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்ற விதியும் வந்தது. பள்ளிக்கூடம் பக்கம் போகாமலே அணி கட்டலாம் என்பதைப் பயிற்சியாளர்கள் அந்த ஆண்டில்தான் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பழக்கம் கோவிட்டோடு போகவில்லை.

இந்த நெரிசல் மிக மோசமாக இருந்தது பேஸ்பாலில். காரணம், அங்கே இரண்டு பக்கமும் அடைத்தது. தொழில்முறை பேஸ்பால் லீக்கான எம்.எல்.பி. அப்போது ஆண்டுதோறும் 40 சுற்றுகளில் ஆள் எடுத்துவந்தது. செலவைக் குறைக்க 2020இல் அதை 5 சுற்றாக்கினார்கள்; 160 பேரோடு முடிந்தது. மற்றவர்களுக்கு ஒப்பந்தத் தொகை 20,000 டாலருக்கு மேல் கிடையாது. வழக்கமான ஆண்டாக இருந்தால் ஆறாவது சுற்றிலோ பத்தாவது சுற்றிலோ தொழில்முறைக்குப் போயிருக்கும் மூன்றாமாண்டு மாணவன் கல்லூரியிலேயே தங்கினான். நேராகத் தொழில்முறைக்குப் போயிருக்கும் பள்ளி மாணவனும் கல்லூரிக்கே வந்தான். போகவேண்டிய இறுதியாண்டுக்காரனுக்கோ கூடுதல் ஆண்டு. இத்தனை பேருக்கும் ஒரு கல்லூரி பேஸ்பால் அணிக்கு அன்று இருந்த உதவித்தொகை 11.7. அந்தத் தசமப் புள்ளி அச்சுப்பிழை இல்லை. முழுத் தொகையாகத் தராமல் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். மேலே தொழில்முறை லீக்கும் சுருங்கிக்கொண்டிருந்தது. 2020இல் எம்.எல்.பி.க்குக் கீழ்நிலையான மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. மறு ஆண்டு எம்.எல்.பி.யோடு இணைந்த அணிகள் 160லிருந்து 120 ஆகிவிட்டன. குழாயின் இரு முனையையும் மூடிவிட்டு நடுவில் தண்ணீர் ஊற்றிய கதை இது.

பணப் பக்கம் வருவோம். கல்லூரி விளையாட்டின் பொருளாதாரம் இரண்டே தூண்களில் நிற்கிறது. பெரும்பாலான பெரிய கல்லூரிகளில் கால்பந்தும் ஆண்கள் கூடைப்பந்தும் சம்பாதிக்கின்றன, மற்றவை செலவழிக்கின்றன. 2020 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட் தன் 36 விளையாட்டுகளில் 11ஐ நிறுத்துவதாக அறிவித்தது. வாள்வீச்சு, துடுப்புப் படகு, மல்யுத்தம் எல்லாம் அதில் அடக்கம். 240க்கும் மேற்பட்ட வீரர்கள் பாதிக்கப்பட்டார்கள். கோவிட்டுக்கு முன்பே விளையாட்டுத் துறையில் துண்டு விழுந்துகொண்டிருந்ததாகப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. அறக்கட்டளை நிதியாக அப்போதே 2,700 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்த நிறுவனம் அது. கோவிட் அங்கே காரணமா, சாக்கா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்பேன்.

2021 மார்ச்சில் அதே ஸ்டான்ஃபோர்டின் ஷேன் கிரிஃபித், கல்லூரிப் பெயரே இல்லாத கறுப்பு உடையில் களமிறங்கித் தேசிய மல்யுத்தப் பட்டத்தை வென்றார். முன்னாள் மாணவர்கள் நிதி திரட்டினார்கள், வழக்கும் போட்டார்கள். மே மாதம் 11 விளையாட்டுகளும் திரும்பின. பணக்கார முன்னாள் மாணவர்கள் இருந்தால் இப்படியும் நடக்கும்.

ஐயோவா பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. 2020 ஆகஸ்ட் 11 அன்று, ஐயோவா ஆடும் பிக் டென் கல்லூரிக் கூட்டமைப்பு கால்பந்து சீசனைத் தள்ளிவைத்தது. பத்தே நாளில், சுமார் 10 கோடி டாலர் வருமான இழப்பைக் காட்டி, ஐயோவா நான்கு அணிகளை நிறுத்துவதாக அறிவித்தது: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் டென்னிஸ், ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல். செப்டம்பர் 16 அன்று பிக் டென் மனம் மாறியது. அரங்கம் காலியாக இருந்தாலும் கேமரா ஓடினால் போதும் என்று அக்டோபரிலேயே கால்பந்து ஆடினார்கள். நிறுத்திய முடிவு மட்டும் அப்படியே நின்றது. பெண்கள் நீச்சல் அணியினர் 'டைட்டில் நைன்' என்ற 1972ஆம் ஆண்டுப் பாலினச் சமத்துவச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். 2021 பிப்ரவரியில் அந்த அணி மீண்டது. ஆண்களின் மூன்று அணிகளும் திரும்ப வரவில்லை.