எத்தனை தறி அல்ல, எத்தனை கை

சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. இதை ‘மையமற்ற உற்பத்தி’ என்று சிலாகிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கூலிக்கு நெய்யும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தறி என்னுதுதானுங்க. பாவு வரலீன்னா வெறும் இரும்புங்க.” பாவும் ஊடையும் தருவது ஜவுளி உற்பத்தியாளர்கள். தறி பரவியிருக்கிறது, அதிகாரம் பரவவில்லை.

கணினி வலைகள் குறித்த சொல்லாடலிலும் இதே மயக்கம்தான். 1964இல் பால் பாரன் மையப்பட்ட வலை, மையம் பலவான வலை, முற்றிலும் பரவிய வலை எனப் பிரித்தார். 2017இல் பாலாஜி சீனிவாசனும் லேலண்ட் லீயும் ‘நகமோட்டோ கெழு’ என்ற அளவுகோலை முன்வைத்தார்கள். ஓர் அமைப்பைக் கைப்பற்றக் குறைந்தது எத்தனை பேர் கூடினால் போதும்? ஒவ்வோர் உள்ளமைப்பிலும் எண்ணி, மிகச் சிறிய எண்ணையே எடுக்க வேண்டும்.

2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. கணினிகள் உலகெங்கும் இருந்தன. புதுப்பிப்பு ஓரிடத்திலிருந்து வந்தது.

கெழுவிலும் ஒரு மௌனம் உண்டு. பத்துப் பேர் என்று எண்ணுகிறோம். பத்துப் பேரும் ஒரே மென்பொருளை, ஒரே மின்தடத்தை நம்பியிருந்தால் அது பத்தா, ஒன்றா?

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு இங்கே தறிகள் நின்றன. கீழிருந்து நிறுத்த ஆயிரக்கணக்கானோர் சேர வேண்டியிருந்தது. மேலிருந்து நிறுத்தச் சிலர் பாவு தராவிட்டால் போதும். இரண்டு எண்களையும் எண்ணுங்கள். அவற்றின் இடைவெளிக்குப் பெயர்தான் அதிகாரம்.