பாட்டனார் ஊரும் பேரனார் பயணமும்

முன்னோர் பிறந்த மண்ணைக் காணச் சென்றோர் எழுதும் நூல்கள் பெரும்பாலும் இரு வகையின. கண்டதையெல்லாம் போற்றிக் கண்ணீர் சொரிவது ஒரு வகை. கண்டதையெல்லாம் பழித்து மூக்கைப் பொத்திக்கொள்வது மற்றொரு வகை. திரினிடாடில் பிறந்து, 2001இல் நோபெல் பரிசு பெற்று, 2018இல் மறைந்த வி. எஸ். நைப்பால் 1964இல் வெளியிட்ட ‘ஆன் ஏரியா ஆப் டார்க்னஸ்’ என்னும் பயண நூலைப் பலர் இரண்டாம் வகையில் சேர்த்து ஒதுக்கிவிடுகின்றனர். அது முறையன்று என்பதே என் துணிபு.

1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாடின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். அவ்வழி வந்த குடும்பமே நைப்பாலின் குடும்பம். மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதன் பின்னும் நீடித்தது. ஆதலின் பால்மரக் காட்டில் வளர்ந்த நமக்கு அவர் கதை அயலார் கதை அன்று.

நூலின் சிறந்த பகுதி அதன் தொடக்கமே. பாட்டி வீட்டிலிருந்த கயிற்றுக் கட்டில், பித்தளைப் பாத்திரங்கள், தெய்வப் படங்கள் ஆகியவற்றின் வாயிலாகவே சிறுவன் இந்தியாவை அறிகிறான். பாட்டனார் விட்டு வந்த நாடு அவனுக்கு ஒரு நாடாக அன்று, பழம்பொருள்களாகவே கிட்டுகிறது. 1962இல் பம்பாயில் இறங்கியபோதோ, பிறந்த தீவில் தனித்துத் தெரிந்த தம் முகம் கூட்டத்தில் ஒன்றாகக் கரைவதைக் கண்டு அவர் திகைக்கிறார். இவ்வுணர்வை இத்துணை நேர்மையுடன் எழுதியோர் சிலரே.

கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் பாட்டனார் பிறந்த சிற்றூரை அடைந்ததும் நூலின் குறை புலனாகிறது. அங்கே ஒரு மூதாட்டி பழங்கதை கூறுகிறாள். உறவினர் ஒருவர் நில வழக்கிற்குப் பொருளுதவி கேட்கிறார். நைப்பாலுக்குச் சினம் மூள்கிறது. நகரம் வரை வண்டியில் வரக் கேட்ட சிறுவனையும் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டுப் புறப்படுகிறார்.

அவ்வுறவினர் ஏன் கேட்டார்? அவரைப் பொறுத்தவரை உறவு இன்னும் உயிருடன் இருந்தது. உறவென்றால் உரிமையும் உண்டு. பேரனாரோ காணவே வந்தார், கொடுக்க வரவில்லை. இவ்வேறுபாட்டை ஆசிரியர் ஆராயவில்லை. முன்னோர் மொழியில் உரையாட இயலாத நிலையில், உடன் வந்த அதிகாரியின் துணையால் கேட்ட கதை எவ்வளவு நெஞ்சைத் தொடும்? இக்குறையை ஊரின் மேல் ஏற்றிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அச்சிறுவனை மறுத்த செயலை அவர் மறைக்கவில்லை. தம் கொடுமை என்றே பதிவு செய்கிறார். இந்நேர்மையே நூலைக் காப்பாற்றுகிறது.

நானும் ஒருமுறை என் பாட்டனாரின் ஊருக்குச் சென்றேன். சிற்றப்பா முறையாகும் முதியவர் ஒருவர், கூரை மாற்றப் பணம் கேட்டார். கொடுத்தேன், ஆனால் முகம் சுளித்துக் கொடுத்தேன். மூன்றாம் தலைமுறையில் வந்தவனிடம் இதற்கா காத்திருந்தார்கள் என்று எண்ணினேன். அவரோ பணத்தை மடியில் முடிந்துகொண்டு, “உன் பாட்டன் கையும் இப்படித்தான் இருக்கும்” என்று என் கையைப் பற்றிக்கொண்டார். அவர் பேசியது தமிழ். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நான் நாணியதற்கு அதுவே காரணம். நைப்பாலுக்கு வாய்க்காத பேறு அது.

1990இல் வெளிவந்த ‘இந்தியா: எ மில்லியன் மியூட்டினீஸ் நவ்’ என்னும் நூலில் நைப்பால் பொறுமையுடன் பிறரைப் பேசவிட்டுக் கேட்கிறார், 1962இல் தாம் காணத் தவறியவற்றையும் ஒப்புகிறார். இரு நூல்களையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். முன்னது தனித்து நின்றால் பழிப்பு; பின்னதோடு சேர்ந்தால் ஒரு மனிதன் திருந்திய வரலாறு.

நம் மாணவரும் என்றேனும் அவ்வூர்களுக்குச் செல்வர். அன்று அங்குள்ள முதியவர் பேசுவதை அவர்கள் தம் செவியாலேயே கேட்டுணர வேண்டாவா? தோட்டப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நாம் செய்யும் பணியின் பயன்களுள் அதுவும் ஒன்று என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.