காலம் ஒரு வரலாற்றுச் சுருக்கம்: ஸ்டீவன் ஹாக்கிங்கின் நூல் குறித்த திறனாய்வு

'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' என்பது பிரித்தானிய இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் (1942–2018) பொதுவாசகர்களுக்காக எழுதிய அண்டவியல் நூலாகும். 1988-ஆம் ஆண்டு பாண்டம் பதிப்பகம் இதை வெளியிட்டது. லண்டனின் 'சண்டே டைம்ஸ்' இதழ் வெளியிடும் விற்பனைப் பட்டியலில் 237 வாரங்கள் இடம்பெற்றது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஏறத்தாழ நாற்பது மொழிகளில் பெயர்க்கப்பட்டது. தமிழிலும் மொழிபெயர்ப்பு உண்டு. இத்தனை புகழோடு ஓர் அவப்பெயரும் இந்நூலுக்கு ஒட்டிக்கொண்டது: வாங்கியவர்கள் அதிகம், படித்து முடித்தவர்கள் குறைவு என்பதே அது. அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை நூலின் உள்ளே சென்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எழுதப்பட்ட சூழல்

1982-ஆம் ஆண்டு வாக்கில் ஹாக்கிங் இந்நூலை எழுத எண்ணினார். மகள் லூசியின் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் சேர்ப்பதும் ஒரு நோக்கம் என்று அவரே பின்னர் வெளிப்படையாகக் கூறியுள்ளார். விமான நிலையப் புத்தகக் கடைகளில் விற்கக்கூடிய நூலாக அது இருக்க வேண்டும் என்றும் விரும்பினார். சேர்க்கப்படும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாகக் குறைக்கும் என்று அவருக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டது. ஆகவே ஆற்றலையும் நிறையையும் இணைக்கும் ஐன்ஸ்டைனின் சமன்பாடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் நீக்கிவிட்டார்.

முதல் வரைவு 1984-இல் முடிந்தது. 1985-இல் ஜெனீவா சென்றிருந்தபோது கடும் நிமோனியா தாக்கியது. உயிரைக் காப்பாற்றத் தொண்டையில் செய்த அறுவை சிகிச்சையால் எஞ்சியிருந்த பேச்சும் போயிற்று. கணினித் திரையில் சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, நிமிடத்துக்குப் பதினைந்து சொற்கள் என்ற வேகத்தில் நூலைத் திருத்தி எழுதினார். பதிப்பாசிரியர் பீட்டர் குஸார்டி தமக்குப் புரியாத இடங்களையெல்லாம் குறித்து, திரும்பத் திரும்ப விளக்கம் கேட்டு வாங்கினார். நூலில் தெளிவாக அமைந்த பகுதிகளுக்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். பாடம் நடத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்; "புரியவில்லை" என்று எழுந்து நின்று சொல்லும் ஒரு மாணவன் இருக்கும் வகுப்பில்தான் ஆசிரியரின் விளக்கம் மேம்படும்.

அமெரிக்காவில் வந்த முதல் அச்சில் படங்கள் இடம் மாறியும் தவறான தலைப்போடும் இருந்தன. பதிப்பகம் பிரதிகளைத் திரும்பப் பெற முடிவு செய்தபோது ஏறக்குறைய எல்லாமே விற்றுத் தீர்ந்திருந்தன.

விளக்கும் முறை

நூலின் முதல் நான்கு அத்தியாயங்கள் படிப்படியாக ஏறிச் செல்கின்றன. அரிஸ்டாட்டில், டாலமி, கோப்பர்நிக்கஸ், கலிலியோ, நியூட்டன் என்று வந்து, சார்பியலையும் விரியும் அண்டத்தையும் அடைந்து, குவாண்டம் இயற்பியலின் நிச்சயமின்மைக் கோட்பாட்டில் நிற்கின்றன. பத்தாம் வகுப்பு அறிவியல் படித்த எவரும் சற்றுப் பொறுமையோடு இதுவரை வந்துவிடலாம்.

அடிப்படைத் துகள்களைப் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தில்தான் வேகம் கூடிவிடுகிறது. குவார்க்குகள், அவற்றின் வகைகள், நான்கு விசைகள், விசைகளைச் சுமக்கும் துகள்கள் என்று ஒரே மூச்சில் பெயர்கள் வந்து விழுகின்றன. பலர் நூலை மூடிவைத்த இடம் இதுவாகவே இருக்க வேண்டும். நான் பணியாற்றிய பள்ளி நூலகத்தில் இருந்த பிரதியில் தொடக்கப் பக்கங்களின் ஓரம் மட்டுமே அழுக்கேறியிருந்தது. பின்பாதி புத்தம் புதிதாக இருந்தது. ஆனால் அதே ஐந்தாம் அத்தியாயத்தில்தான் நூலின் மிகச் சிறந்த உவமைகளுள் ஒன்றும் இருக்கிறது. துகளின் 'தற்சுழற்சி' என்ற பண்பை விளக்க ஹாக்கிங் சீட்டுக்கட்டை எடுக்கிறார். ஸ்பேடு ஏஸ் சீட்டை முழுச்சுற்று சுற்றினால்தான் பழைய தோற்றம் வரும். இருபுறமும் தலை உள்ள ராணிச் சீட்டை அரைச்சுற்று சுற்றினாலே போதும். இரண்டு முழுச்சுற்று சுற்றினால் மட்டுமே பழைய நிலைக்கு வரும் துகள்களும் உண்டு என்று அவர் முடிக்கும்போது, நம் அன்றாட அனுபவம் எங்கே கைவிடுகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது. உவமையை அதன் எல்லை வரை கொண்டுசென்று, எல்லை இது என்று காட்டிவிட்டு நிறுத்துவது நல்ல ஆசிரியரின் வேலை.

கருந்துளை பற்றிய பகுதிகள்

ஆறாம், ஏழாம் அத்தியாயங்கள் ஹாக்கிங்கின் சொந்தத் துறை. சிக்னஸ் எக்ஸ்-1 என்பது கருந்துளையா என்று கிப் தோர்னுடன் அவர் கட்டிய பந்தயம் உலகப் புகழ் பெற்றது. கருந்துளை இல்லை என்ற பக்கத்தில் அவர் பணம் கட்டியது, தம் வாழ்நாள் உழைப்பு வீணானால் ஆறுதலாக ஒரு பத்திரிகைச் சந்தாவாவது கிடைக்கட்டும் என்பதற்காக! 1990-இல் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இப்பகுதியில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர் எடிங்டனிடம் படிப்பதற்காக 1928-இல் கப்பலேறினார் என்று நூல் கூறுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த சந்திரசேகர் புறப்பட்டது 1930 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 19. கேம்பிரிட்ஜில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஆர். எச். ஃபௌலர். அப்பயணத்தில் தொடங்கிய கணக்குத்தான், வெண்குறுமீன் ஒன்றின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போக முடியாது என்ற முடிவுக்கு இட்டுச் சென்றது. 1935 ஜனவரியில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அம்முடிவை எள்ளி நகையாடினார். அதனால் மனம் தளர்ந்து சந்திரசேகர் வேறு ஆய்வுக்குத் திரும்பினார் என்று ஹாக்கிங் எழுதுகிறார். அவரே பல்லாண்டுகள் கழித்துக் கருந்துளைகளுக்குத் திரும்பி வந்து, 1983-இல் அவற்றின் கணிதக் கோட்பாட்டைப் பெருநூலாக எழுதியது இங்கே சொல்லப்படவில்லை. ஆண்டுக் கணக்கு தவறியதை அச்சுப்பிழை போல மன்னிக்கலாம். கதையின் பின்பாதி விடுபட்டதை அப்படி ஒதுக்க முடியாது.

இதைவிடப் பரவலான விளைவை ஏற்படுத்தியது 'ஹாக்கிங் கதிர்வீச்சு' பற்றிய விளக்கம். வெற்றிடத்தில் துகளும் எதிர்த்துகளும் இணையாகத் தோன்றுகின்றன. ஒன்று கருந்துளைக்குள் விழ, மற்றது தப்பிச் செல்கிறது. தப்பியதே கதிர்வீச்சு என்பது நூலின் சித்திரம். இன்று பாடநூல் முதல் யூடியூப் காணொளி வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் ஹாக்கிங்கின் மூலக் கணக்கு இப்படிச் செய்யப்பட்டதன்று. விண்மீன் சுருங்குவதற்கு முன்பும் பின்பும் குவாண்டம் புலம் எவ்வாறு மாறுகிறது என்பதை ஒப்பிட்டுப் பெறப்பட்டது அது. துகள் இணைச் சித்திரம் புரிதலுக்கான உதவி மட்டுமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1975-ஆம் ஆண்டின் ஆய்வுக்கட்டுரையில் அவரே எச்சரித்திருந்தார். சகவிஞ்ஞானிகளுக்குச் சொன்ன எச்சரிக்கை, அதிகம் தேவைப்பட்ட பொதுவாசகருக்குப் போய்ச் சேரவில்லை.

கற்பனைக் காலமும் கடவுளும்

நூலின் நடுநாடி எட்டாம் அத்தியாயம். ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் 1983-இல் முன்வைத்த 'எல்லையின்மை' கருத்து இங்கே விளக்கப்படுகிறது. பூமியின் தென்துருவத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பொருளில்லை. அதுபோலவே, கற்பனைக் காலம் என்ற கணித அளவையில் பார்த்தால் அண்டத்துக்கு விளிம்போ தொடக்க முனையோ இல்லை என்பது கருத்து. உவமை அழகானது. ஆனால் கற்பனைக் காலம் என்பது என்ன, நாம் வாழும் காலத்தோடு அதற்கு என்ன உறவு என்ற இரு கேள்விகளையும் மிகச் சில பத்திகளில் நூல் கடந்துவிடுகிறது. கற்பனை எண்ணை ஒருமுறையும் சந்திக்காத வாசகர் இங்கே வெறும் சொல்லை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இது சோதித்து நிறுவப்பட்டதன்று, ஒரு முன்மொழிவுதான் என்று ஹாக்கிங் நேர்மையாகச் சொல்கிறார். சொன்ன சிறிது நேரத்திலேயே, அப்படியானால் படைத்தவனுக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வியை எழுப்பி அத்தியாயத்தை முடிக்கிறார். நூலிலேயே மிகப் பெரிய கேள்வி, நூலிலேயே மிகக் குறைவாகச் சோதிக்கப்பட்ட கருத்தின் மேல் நிறுத்தப்பட்டிருக்கிறது. முடிவுரையிலோ, முழுமையான கோட்பாடு கிடைத்தால் கடவுளின் மனத்தை அறிந்துவிடலாம் என்ற தொனியில் விடைபெறுகிறார். அந்தக் கடைசி வாக்கியத்தை அச்சுக்கு முன் நீக்க நினைத்ததாகவும், நீக்கியிருந்தால் விற்பனை பாதியாகியிருக்கலாம் என்றும் பின்னாளில் அவரே எழுதினார். நாத்திகரும் ஆத்திகரும் தத்தமக்கு வேண்டியதை இந்நூலில் கண்டுகொண்டதற்கு இந்த இரட்டைத் தொனியே காரணம். 2010-இல் லெனார்ட் முலோடினோவுடன் எழுதிய 'தி கிராண்ட் டிசைன்' நூலில்தான் கடவுள் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

என் மதிப்பீட்டில் நூலின் உயர்ந்த இடம் இதுவன்று. காலத்தின் திசை பற்றிய ஒன்பதாம் அத்தியாயம். மேசையிலிருந்து விழுந்த கோப்பை உடைகிறது. உடைந்த சில்லுகள் ஒன்றுகூடி மேலே தாவுவதில்லை, ஏன்? இந்த எளிய காட்சியிலிருந்து தொடங்கி, நாம் ஏன் இறந்தகாலத்தை நினைவில் வைத்திருக்கிறோம், எதிர்காலத்தை வைத்திருப்பதில்லை என்ற கேள்வி வரை கொண்டு போகிறார். அண்டம் சுருங்கும் காலத்தில் ஒழுங்கின்மை குறையும் என்று தாம் முன்பு நம்பியதையும், டான் பேஜும் ரேமண்ட் லாஃப்ளாமும் அது தவறெனக் காட்டியதையும் அங்கேயே எழுதுகிறார். அறிவியல் எப்படி நடக்கிறது என்பதை இப்பக்கங்கள் காட்டுமளவு பல பாடநூல்கள் காட்டுவதில்லை.

தாக்கமும் இன்றைய வாசிப்பும்

1991-இல் எரோல் மோரிஸ் இதே பெயரில் ஆவணப்படம் எடுத்தார். 'ஸ்டார் டிரெக்', 'தி சிம்ப்சன்ஸ்' தொடர்களில் ஹாக்கிங் தாமாகவே தோன்றினார். சக்கர நாற்காலியும் கணினிக் குரலும் அறிவியலின் அடையாளச் சின்னங்களாயின. தம் உடல்நிலையே நூலை விற்றது என்ற விமரிசனம் அவர் காதுக்கும் எட்டியது. பிம்பம் கருத்தை மறைத்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இயற்பியலாளர் ஒருவரின் பெயரைப் பலசரக்குக் கடைக்காரரும் அறிந்திருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

2014-இல் கணிதவியலாளர் ஜோர்டான் எலன்பெர்க், மின்னூல் வாசகர்கள் எந்தப் பக்கங்களில் அடிக்கோடிடுகிறார்கள் என்பதைக் கொண்டு ஒரு விளையாட்டுக் கணக்குப் போட்டு, அதற்கு 'ஹாக்கிங் குறியெண்' என்று பெயரிட்டார். இந்நூலுக்குக் கிடைத்தது 6.6 சதவீதம். தாமஸ் பிக்கெட்டியின் பொருளாதார நூலுக்கோ 2.4 சதவீதம்தான்! அடிக்கோடிடாமல் படிப்பவர்கள் இக்கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் இதை வைத்து நூலைப் பழிக்க இயலாது.

முதல் பதிப்புக்குப் பின் அண்டவியல் வெகுதூரம் வந்துவிட்டது. அண்டத்தின் விரிவு வேகம் கூடி வருகிறது என்ற 1998-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பும், 2015-இல் பதிவான ஈர்ப்பலைகளும், 2019-இல் வெளியான கருந்துளை நிழற்படமும் இதில் இல்லை. ஆகவே அண்டத்தின் எதிர்காலம் பற்றிய பகுதிகளை மாணவர்கள் வேறு நூலோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 2005-இல் வந்த 'எ பிரீஃபர் ஹிஸ்டரி ஆஃப் டைம்' எளிது. மூலநூலையே படிக்க விரும்புபவர்கள் முதல் நான்கு அத்தியாயங்களை முடித்து, ஐந்தாவதில் சிக்கினால் அதைத் தாண்டி ஆறு, ஏழு, ஒன்பது என்று போகலாம். எட்டாம் அத்தியாயத்தைக் கடைசியில் படித்தால் நட்டமில்லை.